மஞ்சள் போர்டுக்கு மட்டும்தான் பிரேக்கா?

ஒரே மாடல், ஒரே கலர், ஒரே நாளில் ஷோரூமை விட்டு வெளியே வந்த இரண்டு கார்கள். ஒன்றை ஒரு பேங்க் மேனேஜர் வாங்குகிறார். வெள்ளை நம்பர் பிளேட். இன்னொன்றை ஒரு டிரைவர் கடன் போட்டு எடுத்து கால் டாக்ஸியாக ஓட்டுகிறார். மஞ்சள் நம்பர் பிளேட். இரண்டும் அதே மவுன்ட் ரோட்டில்தான் ஓடுகின்றன. அதே சிக்னலில்தான் பிரேக் போடுகின்றன. பிரேக் பிடிக்காவிட்டால் இரண்டுமே முன்னால் போகிற ஸ்கூட்டரைத்தான் இடிக்கும்.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு பிறவி.

டாக்ஸி, புதுசாக இருக்கும் முதல் 2 வருஷம் தப்பித்துக்கொள்ளும். அப்புறம் 8 வயது வரை 2 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்டணும். 8-ஐத் தாண்டினால் வருஷா வருஷம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 15-வது பிறந்தநாள் வருவதற்குள் பத்து தடவை காட்டியாகிவிடும். மேனேஜர் கார்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-வது பிரிவு அதன் பதிவுக்கு 15 வருஷ ஆயுள் கொடுத்திருக்கிறது. அதுவரை அதன் பிரேக்கையோ ஸ்டீயரிங்கையோ டயரையோ அரசாங்கத்தின் சார்பில் ஒருத்தரும் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. புகை சர்டிஃபிகேட் மட்டும் உண்டு. அது பின்னால் இருக்கும் குழாயில் மூக்கை நுழைப்பதோடு சரி. முன்னால் பிரேக் இருக்கிறதா என்று அந்த மெஷினுக்குத் தெரியாது.

15 முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டு போய்க் காட்டணும். தேறினால் இன்னும் 5 வருஷம். அப்புறம் மறுபடி 5. இதுதான் நம் நாட்டில் சொந்தக் காருக்கான ஹெல்த் செக்கப் அட்டவணை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நடுவில் விபத்து நடந்து யாராவது செத்துப்போனால், போலீஸ் கேட்டு, மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து காரைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். ஆக, சொந்தக் காருக்கு முதல் சோதனை நடக்க இங்கே இரண்டே வழிதான். ஒன்று, அதற்குப் பதினைந்து வயசாகணும். இல்லை, அது ஆளைக் கொல்லணும்.

'சார், டாக்ஸி ஓயாமல் ஓடுது, வீட்டுக் கார் வாரத்துக்கு ரெண்டு நாள் கோயிலுக்குப் போகுது, ரெண்டும் ஒண்ணா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், ஓடாத காரைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார். ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வயசுதான் தெரியும். நிறுத்தி வைத்த காரில் பிரேக் ஹோஸ் வெடிக்கும். டயர் வெயிலில் கெட்டியாகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த ஆயில், கீழே இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்துச் சூடேறினால் கொதித்துக் குமிழி விடும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போகிற கார்தான் அந்த வீட்டுக் கார். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். எலி வயரைக் கடிக்கிற கதையை நான் சொல்லவே வேண்டாம், அபார்ட்மென்ட்வாசிகள் எல்லோரும் தனித்தனிப் புராணம் வைத்திருப்பார்கள்.

சரி, பதினைந்து வருஷம் கழித்தாவது உருப்படியாகச் சோதிக்கிறார்களா?

2008 மாடல் கார் ஒன்றை வைத்திருக்கும் நண்பருக்குத் துணையாக 2023-ல் ஓர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன். எந்த ஊர் என்பது வேண்டாம். எந்த ஊராக இருந்தாலும் கதை பெரிதாக மாறப்போவதில்லை. நண்பர் பயந்த சுபாவம். நாலு டயரையும் மாற்றி, பிரேக் பேட் மாற்றி, கதவில் துரு பிடித்த இடத்தில் பட்டி போட்டு, மொத்தம் 22,000 ரூபாய் செலவழித்து மாப்பிள்ளை மாதிரி வண்டியைக் கொண்டு வந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருத்தர் ஃபைலோடு கூடவே வந்தார். சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுத்தார்கள். ஒரு ஃபோட்டோ. ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். இண்டிகேட்டர் போடச் சொன்னார்கள். ஆறு நிமிஷம். முடிந்தது.

தமிழ்நாட்டில் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ஜனங்கள் வைத்த பேர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'. அந்தப் பேருக்கு ஒரு மரியாதை இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு யாரும் பிரேக்கை மிதிக்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற வண்டியின் பின் டயர் இரண்டும் மொட்டை. விதிப்படி கார் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும். அதில் விரலை வைத்தால் வழுக்கியது. அதுவும் பாஸ். நண்பர் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! "இருபத்திரண்டாயிரம் தண்டம்யா" என்றார். நான் மறுத்தேன், அவருடைய மனைவி குழந்தைகள் அந்தக் காரில்தானே போகிறார்கள். ஆனால் அடுத்த தடவை அவர் அந்தச் செலவைச் செய்வாரா என்பது சந்தேகம்தான்.

இந்த ஆறு நிமிஷத்துக்கு என்ன விலை தெரியுமா? 2022 ஏப்ரல் 1 வரை, 15 வயதுக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய். அன்றையிலிருந்து 5,000. இறக்குமதிக் காராக இருந்தால் 40,000. 2025 ஆகஸ்ட்டில் மறுபடி ஒரு அறிவிப்பு: 20 வயதைத் தாண்டிய காருக்கு 10,000. தாமதமானால் மாசத்துக்கு 500 தனி. தமிழ்நாட்டின் பசுமை வரி அதற்கு மேல்.

நான் பி.காம். படித்தவன். பெரிய படிப்பு இல்லை, ஆனால் முதல் வருஷத்திலேயே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டணம் வேறு, வரி வேறு. வரி என்றால் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகணும், நேரடியாக எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கக் கூடாது. கட்டணம் என்றால் அப்படி இல்லை. கொடுத்த காசுக்கு எதிரே ஒரு சேவை இருக்கணும். 600 ரூபாய்க்கு ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்தார்கள். 5,000 ஆனதும் என்ன கூடியது? ரோலர் மேல் ஏற்றி பிரேக்கைச் சோதித்தார்களா? வண்டியை லிஃப்ட்டில் தூக்கி அடியில் டார்ச் அடித்துத் துருவைப் பார்த்தார்களா? அதே பென்சில், அதே பேப்பர். எட்டு மடங்கு விலை. இதற்குக் கட்டணம் என்று பேர் வைத்திருப்பது அக்கவுன்டன்சிக்கே அவமானம்.

அப்படியானால் அந்த 5,000 எதற்கு? உங்களை அலுத்துப்போக வைப்பதற்கு. 'சனியன், இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிடலாம்' என்று சொல்ல வைப்பதற்கு. நான் கற்பனை செய்யவில்லை. 2021-ல் வந்த பழைய வாகன அழிப்புக் கொள்கையின் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில், கார் தொழிலுக்கு ஊக்கம் கொடுப்பதும் ஒன்று. பழைய காரை உடைக்கக் கொடுத்து சர்டிஃபிகேட் வாங்கினால் புதுக் காருக்குச் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை சலுகை தரலாம் என்றார்கள். தொழில் வளரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் பாதுகாப்பு என்ற போர்வைக்குள் விற்பனைத் திட்டத்தை ஒளித்து வைக்காதீர்கள்.

வயசை வைத்துக் காரைத் தீர்ப்பு சொல்வது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு டெல்லியைப் பாருங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது: டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது. 2025 ஜூலை 1-ம் தேதி, பெட்ரோல் பங்க்கில் கேமரா வைத்து, வயசான வண்டிக்குப் பெட்ரோல் கிடையாது என்றார்கள். இரண்டே நாளில் மாநில அரசே 'நிறுத்தி வையுங்கள்' என்று கடிதம் எழுதியது. ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட், வயசை மட்டும் காரணமாக வைத்து நடவடிக்கை எடுக்காதே என்றது. டிசம்பரில், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4-ம் அதற்குப் பிந்தைய ரகமும்தான், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு இல்லை என்று திருத்தியது. இத்தனை கூத்திலும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஒரு காரின் போனட்டைத் திறந்து பார்த்து, 'இது நல்லா இருக்கு, அது சரியில்லை' என்று சொன்னாரா? ஆர்.சி. புக்கைத்தான் பார்த்தார்கள்.

வயசுக் கணக்கைப் பற்றி இன்னொரு வேடிக்கை. தொழிலுக்குப் பயன்படும் காருக்கு வருமான வரி விதிகள் வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம் அனுமதிக்கின்றன. மிச்ச மதிப்பில் 15 சதவிகிதம், மறு வருஷம் அதில் மிச்சத்தில் 15 சதவிகிதம் என்று போகும். 5 லட்ச ரூபாய்க் காருக்குப் போட்டுப் பாருங்கள். 15 வருஷம் கழித்தும் ஏடுகளில் அது சுமார் 43,700 ரூபாயாக உயிரோடு இருக்கும். கணக்குப் பிள்ளை கொல்லாத காரை கேமரா கொல்கிறது.

கெட்ட கார் வயசான கார் மட்டும் இல்லை என்பதற்கு சென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். பேஸ்மென்ட்டில் கூரை வரை மூழ்கிக் கிடந்த கார்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அதெல்லாம் என்ன ஆயிற்று? டோட்டல் லாஸ் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தது போக, வண்டி ஏலத்துக்குப் போகும். கழுவி, காய வைத்து, சீட் கவர் மாற்றி, சாம்பிராணி போட்டு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊரில் 'சிங்கிள் ஓனர், டாக்டர் யூஸ் பண்ணின வண்டி' என்று ஒருத்தர் தலையில் கட்டப்படும். தண்ணீரில் ஊறிய வயரிங்கும் ஏர்பேக் கம்ப்யூட்டரும் ஏ.பி.எஸ். பெட்டியும் மெதுவாக, வருஷக்கணக்கில் அரிக்கும். என்றைக்குக் காலை வாரும் என்று சொல்ல முடியாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 2014-ல் பதிவாகி, 2015 டிசம்பரில் மூழ்கி எழுந்த காரை அரசாங்கம் முதன்முதலாகப் பார்க்கப்போவது 2029-ல். பதினாலு வருஷம்! அதுவரை அதில் யார் யாரோ பிள்ளைகளை ஸ்கூலுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருப்பார்கள். ஐந்து வயசில் ஒரு முறை, ஏழில் ஒரு முறை அதை மெஷினில் ஏற்றியிருந்தால் வாங்குகிற ஏமாளிக்குக் கையில் ஒரு தாளாவது இருந்திருக்கும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. மூன்றாம் நபர் பாலிசிக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த பிரீமியம், 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. எஞ்சின் அளவு ஒன்றுதான் கேள்வி. பிரேக் பிடிக்கிறதா, டயர் இருக்கிறதா, மூச். விபத்தில் ஆள் செத்தால் லட்சக்கணக்கில் கொடுக்கப்போகிறவர்கள் அவர்கள்! பாலிசியைப் புதுப்பிக்க மறந்துவிட்டால் மட்டும் ஆள் அனுப்பி, இல்லையென்றால் செல்ஃபோனில், காரைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார்கள். பாதுகாப்பு மேல் அக்கறையா? பழைய நசுங்கலுக்குப் புதுசாக க்ளெய்ம் கேட்டுவிடுவோமோ என்ற பயம்.

இங்கிலாந்தில் 1960-ல் இந்தக் கட்டாயச் சோதனையைக் கொண்டு வந்தார்கள். எம்.ஓ.டி. என்று பேர். முதலில் 10 வயதுக் கார்களுக்கு மட்டும்தான். சோதித்துப் பார்த்தால் தோற்றுப்போன கார்களின் எண்ணிக்கை மிரட்டியது. உடனே அடுத்த வருஷமே 7 வயது என்று குறைத்தார்கள். 1967-ல் 3 வயது. இன்றைக்கும் மூன்று வயசிலிருந்து வருஷா வருஷம். கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, காருக்கு 54.85 பவுண்டு, நம் பணத்தில் ஆறாயிரத்துச் சொச்சம். இன்றும் நாலில் ஒரு காருக்கு மேல் முதல் தடவை தேறுவதில்லை. என்னை அசத்தியது அது இல்லை. எந்தக் காரின் நம்பரையும் அரசாங்க இணையதளத்தில் போட்டால், அது எந்தெந்த வருஷம் எதில் தோற்றது, அப்போது மீட்டர் எத்தனை மைல் காட்டியது, எல்லாம் வந்து விழும். அதுவும் இலவசமாக. நம் ஊரில் மீட்டரைத் திருப்பி வைப்பது ஒரு குடிசைத் தொழில். அங்கே அந்தத் தொழிலுக்குப் பிழைப்பு கஷ்டம்.

ஐரோப்பிய யூனியனில் குறைந்தபட்ச விதி, நாலு வயசில் முதல் சோதனை, பிறகு 2 வருஷத்துக்கு ஒன்று. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம், 10 வயது தாண்டிய கார்களுக்கு வருஷா வருஷம் ஆக்கலாம் என்று யோசனை சொன்னது. அங்கேயும் எதிர்ப்பு கிளம்பியது, பழைய கார் வைத்திருப்பவன் பணக்காரன் இல்லையே என்று. அவர்கள் சண்டை போடுவது ஒரு வருஷமா, இரண்டு வருஷமா என்று. நாம் பதினைந்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

'விபத்துக்கெல்லாம் காரணம் ஓவர் ஸ்பீடுதான் சார், வண்டி இல்லை' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். வேகம்தான் முதல் குற்றவாளி, ஒத்துக்கொள்கிறேன். கார் சோதனையால் இது பாதியாகிவிடும் என்று கதை விடமாட்டேன். ஆனால் வேகமாக வந்தவன் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தபோது, கார் நாற்பது அடியில் நின்றதா, அறுபது அடியில் நின்றதா? அந்த இருபது அடிக்குள் ஒரு ஆள் நிற்கலாம். அது டயரின் கணக்கு. எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று ஒரே வரியில் எழுதி மூடிவிடுகிறோம்.

இன்னொரு எதிர்ப்பு இருக்கிறது. அது எனக்கே உறுத்துகிற எதிர்ப்பு. 'ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை காரைக் கொண்டு போய் நிறுத்தினா, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லஞ்சம். இப்பவாவது பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையோட போகுது.' இதைச் சொல்கிறவர் வாயை அடைக்க என்னிடம் சுலபமான பதில் இல்லை. மஞ்சள் போர்டுக்காரர்கள் எஃப்.சி.க்கு எப்படி அலைகிறார்கள் என்பதைப் பார்த்தவன் நான்.

ஆனால் சோதனையை மனுஷன் கையிலிருந்து எடுக்க வழி இருக்கிறது, சட்டத்திலேயே இருக்கிறது. 2021-ல் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு மத்திய அரசு விதி போட்டது. ரோலர் பிரேக் டெஸ்டர், ஹெட்லைட் டெஸ்டர், சஸ்பென்ஷன், வீல் நேராக ஓடுகிறதா என்று பார்க்கிற பிளேட் என்று வரிசையாக மெஷின்கள். ரிசல்ட் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும். அதே நிலையம் ரிப்பேரும் பார்க்கக் கூடாது, கார் விற்கவும் கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. நல்ல விதி. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டாக்ஸிக்கும் இதைக் கட்டாயமாக்கத் தேதி மேல் தேதியாகத் தள்ளிப் போட்டுத் தள்ளாடி வந்தார்கள். வெள்ளை போர்டுப் பக்கம் திரும்பவே மனசு வரவில்லை. ஏன் வரும்? லாரி டிரைவருக்கு ஓட்டு ஒன்றுதான். காரில் போகிறவனுக்கு ஓட்டோடு கொஞ்சம் சத்தமும் உண்டு. நீங்களும் நானும்தான் அந்தச் சத்தம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஐந்து வயசில் முதல் சோதனை. பத்து வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒன்று, அப்புறம் வருஷா வருஷம். மெஷினில். செலவுக்கு ஏற்ற கட்டணம், ஊருக்கெல்லாம் ஒரே கட்டணம். 20 வயதுக் காருக்கும் 5 வயதுக் காருக்கும் ஒரே ரோலர், ஒரே கரன்ட் செலவு எனும்போது, வயசுக்குத் தகுந்த 5,000, 10,000 எல்லாம் எதற்கு? எடுத்துவிடுங்கள். தேறினால் ஓடட்டும், முப்பது வயசானாலும் ஓடட்டும். தோற்றால் எதில் தோற்றது என்று எழுதிக் கொடுங்கள், ரிப்பேர் பண்ணிவிட்டு வரட்டும். பழைய கார் வைத்திருக்கிற ரிட்டயர்டு வாத்தியாருக்கு இது இன்றைய ஏற்பாட்டைவிட மலிவு. பிரேக் பேட் மாற்ற ஆகிற செலவு, புதுக் கார் கடனின் ஒரு மாசத் தவணை கூட ஆகாது. ரிசல்ட்டை நம்பர் போட்டால் யாரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். வாகனப் பதிவு மொத்தமும் ஏற்கெனவே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, ஒரு பக்கம் சேர்க்க என்ன கேடு?

டூ வீலர்? அதுவும் இதே 15 வருஷக் கதைதான், எண்ணிக்கையில் இன்னும் பெரிய கதை. தனியாக எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேலை செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு ஒரு மனு போடுங்கள். மூன்றே கேள்வி. போன வருஷம் பதிவு புதுப்பிக்க வந்த 15 வயதுக் கார்கள் எத்தனை? அவற்றில் தேறாமல் திருப்பி அனுப்பியவை எத்தனை? அதில் பிரேக் சரியில்லை என்று திருப்பியவை எத்தனை? பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பத்திரிகை முகவரிக்கே போதும்.